கடல் கரண்ட்

பள்ளிக்கூடத்தில் ஒயர்மேனுக்கு மூன்று பெயர்கள். சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சேர்க்கவில்லை. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. ஆசிரியர்களுக்கு அவர் ஒயர்மேன். பிள்ளைகளுக்கு அண்ணா. வேன் ஓட்டுபவர், தோட்டக்காரர், மணியடிப்பவர் என்று அங்கே வேலை செய்யும் ஆண்கள் எல்லாருமே பிள்ளைகளுக்கு அண்ணாதான். தலை நரைத்தாலும் அண்ணா, பல் விழுந்தாலும் அண்ணா. மூன்றாவது பெயர் பின்னால் வந்தது.

அவருடைய மகளும் அதே பள்ளியில்தான் படித்தாள். அவளுக்கும் அங்கே அவர் அண்ணாதான்.

இதை ஆரம்பித்து வைத்தவர் அவரே. முதல் வகுப்பில் சேர்க்கும்போது அப்போதைய பெரிய மிஸ் சொன்னார்: "இடம் தர்றோம். ஆனா வேலை நேரத்துல அப்பா அப்பான்னு ஓடி வந்து ஏணியைப் பிடிச்சுத் தொங்கக் கூடாது." அவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் மகளைத் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்தார்.

"ஒரு விளையாட்டு. கேட்டுக்குள்ள போயிட்டா நான் அப்பா இல்ல, அண்ணா. வாய் தவறி அப்பான்னா நீ அவுட்டு. வெளியே வந்தா பழையபடி அப்பா."

குழந்தை கை தட்டியது. மறுநாள் காலை வராந்தாவில் பல்பு மாட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "குட்மார்னிங் அண்ணா" என்று கத்திவிட்டுக் கண்ணடித்தது. ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாது. இரண்டையும் இறுக மூடித் திறந்தது. அவர் ஏணியில் நின்றபடி சிரித்தார். சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் அது "அப்பா!" என்று கத்தியதில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு வருடம் அந்தக் கண்ணடிப்பு இருந்தது. பிறகு நின்றுவிட்டது. எந்த அறையில் எந்த பல்பு எந்தத் தேதியில் போனது என்று கேட்டால் அவர் யோசிக்காமல் சொல்லுவார். இது எந்த நாளில் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே வந்த பிறகும் அவள் பத்தடி முன்னால் நடக்க ஆரம்பித்தாள். தெரு திரும்பி, பள்ளிப் பிள்ளைகள் யாரும் கண்ணில் படாத இடம் வந்த பிறகுதான் "அப்பா, பையைப் பிடிங்க" என்பாள்.

பெரிய மிஸ் ஓய்வு பெற்றுப் போனார். ஆபீஸ் குமாஸ்தா வேறு ஊருக்குப் போனார். விளையாட்டின் விதியைப் போட்டவர்களும் பார்த்தவர்களும் போய்விட்டார்கள். கூட்டிப் பெருக்கும் ஆயா ஒருத்திக்குத்தான் இது அவர் மகள் என்று தெரியும். அவள் ஒருமுறை, "எதுக்கய்யா இந்தக் கூத்து? நீயே ஒரு நாள் எல்லார் முன்னாடியும் 'ஏய் மகளே'ன்னு கூப்பிடேன்" என்றாள். அவர் கூப்பிடவில்லை. அவராகக் கூப்பிடுவதில் என்ன இருக்கிறது? அந்தக் கேட்டுக்குள்ளே, நாலு பேர் முன்னால், அவளாக ஒரு தடவை அப்பா என்று கூப்பிட வேண்டும். ஏழாம் வகுப்பு வரை காத்திருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் மகள் நோட்டைப் பார்த்துப் படித்தாள். மனைவி கம்பெனிச் சட்டைகளுக்கு பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்காட்சிக்கு வீட்டுல ஒரு சோதனை செஞ்சு கொண்டு போகணும். எனக்குக் கடல் கரண்ட்."

"என்னது?"

"கடல் கரண்ட். பெற்றோர் உதவலாம்னு போட்டிருக்கு. அன்னிக்குப் பெற்றோர் வந்து டேபிள் பக்கத்துல நிக்கலாம்."

அவருக்கு இரண்டு காதிலும் தேன் பாய்ந்தது. "கரண்ட்டா? அடி சக்கை! நம்ம டிபார்ட்மென்ட்டு!" என்று தொடையைத் தட்டினார்.

மகள் பென்சிலைக் கடித்தபடி அவரைப் பார்த்தாள். "அப்பா, அது வந்து..." என்றாள். பிறகு, "சரி, நீங்க செய்யுங்க" என்று நோட்டை மூடினாள்.

"கடல்ல கரண்ட் இருக்காமா?" என்றாள் மனைவி.

"உப்புத் தண்ணி. செம்பையும் துத்தநாகத்தையும் உள்ள விட்டா கரண்ட் வரும். படிச்சவன் புதுசா ஒண்ணும் சொல்லலை."

"அப்படின்னா மீனெல்லாம் பொரிஞ்சுல்ல மிதக்கணும்? எண்ணெய்ச் செலவு மிச்சம்."

அவர் காதில் வாங்கவில்லை. அன்றே ஆரம்பித்தார். பள்ளியில் தூக்கிப் போட்ட சுவர்க் கடிகாரங்களின் தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அவற்றைப் பிளந்து கரியைக் கொட்டி, மேல் தகட்டை விரித்து, பட்டை பட்டையாக வெட்டினார். அதுதான் துத்தநாகம். தடித்த எர்த் கம்பியைத் தட்டித் தட்டிச் செம்புப் பட்டையாக்கினார். வெட்டும்போது தகடு இடது கை ஆள்காட்டி விரலை ஆழமாகக் கீறியது. இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடி வெட்டினார். ஒரு நீளப் பலகைக்கு நீல பெயின்ட் அடித்து, அதன்மேல் பன்னிரண்டு கண்ணாடி டம்ளர்களை இரண்டு வரிசையாக ஒட்டினார். கரைக்குக் கந்தல் துணியைப் பசையில் முக்கி மடித்துவைத்தார். பவுடர் டப்பாவை நிமிர்த்தி வைத்துக் கலங்கரை விளக்கமாக்கினார். அதன் உச்சியில் சாவிக்கொத்துப் பொம்மையிலிருந்து கழற்றிய வெள்ளை எல்இடி.

ஆறாவது நாள் டம்ளர்களில் உப்புத் தண்ணீரை ஊற்றியதும் அது எரிந்தது. சுவரில் எந்தப் பிளக்கும் இல்லை, ஒரு பேட்டரியும் இல்லை. வெறும் உப்புத் தண்ணீர்.

"பாப்பா! இங்க வா!" என்று கத்தினார்.

பாப்பா வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை. கூடப் படிக்கும் டாக்டர் வீட்டுப் பெண்ணுடன் சேர்ந்து படிக்கப் போயிருந்தாள். மனைவி மட்டும் வந்து எட்டிப் பார்த்தாள்.

"எரியுது" என்றாள். "இந்த வெளிச்சத்துல ஒரு பட்டன் தைக்க முடியுமா?"

மகள் வந்ததும் அறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கிக் காட்டினார். அவள் நின்று பார்த்தாள். விளக்கின் வெளிச்சம் அவள் மூக்கு நுனியில் இருந்தது. "நல்லாருக்கு" என்றாள். பிறகு, "நாளைக்கு நீங்க எடுத்துட்டு வர வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

"பன்னெண்டு டம்ளரு. நீ எப்படித் தூக்குவ?"

அவள் கொடியில் தொங்கிய வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது. "காக்கி போட்டுக்கலையா?"

"நாளைக்கு நான் பெற்றோரு."

"சார் வேலை வெச்சுட்டுத் தேடுவாரு."

"தேடட்டும். ஒரு நாள் தேடினா குறைஞ்சா போயிடுவாரு?"

அவள் பையை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள்.

கண்காட்சி பெரிய ஹாலில். ஏசி போட்டபோது அதன் ஜன்னல்களைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள்; பட்டப்பகலிலும் டியூப்லைட் வேண்டும். அவர் பலகையை ஈரத் துணியால் மூடி, தண்ணீர் தளும்பாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எல்லாருக்கும் வழிவிட்டு வழிவிட்டு உள்ளே போனார். பதினேழாவது மேஜை, கடைசி மூலையில். அங்கே ஏற்கெனவே ஒரு நீளக் கண்ணாடித் தொட்டி இருந்தது. மீன் வளர்ப்பார்களே, அந்தத் தொட்டி. பக்கத்தில் இரண்டு ஃபிளாஸ்க். டாக்டரும் டாக்டர் மனைவியும் நின்றார்கள். அவர்கள் மகளும் அவர் மகளும் ஒரே மாதிரி நீல ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

அறிவியல் சார் மதிப்பெண் தாளோடு வந்துகொண்டிருந்தார். "என்ன ஒயர்மேன், மாப்பிள்ளை மாதிரி சட்டை? என்னது, சாப்பாடா?"

"கடல் கரண்ட் சார்." துணியை எடுத்தார். பவுடர் டப்பாவின் உச்சியில் விளக்கு எரிந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. கையைக் குவித்து நிழல் பண்ணிக் காட்டினார். "வெறும் உப்புத் தண்ணி சார். பேட்டரி கிடையாது."

சார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "கணக்கு சாரே, இங்க வாங்க, ஓடி வாங்க. கடல்ல கரண்ட் எடுத்துட்டாரு நம்ம ஆளு." கணக்கு சார் வந்தார், தமிழ் மிஸ் வந்தார், பத்துப் பிள்ளைகள் வந்தார்கள். "ஐயா, கடல் கரண்ட்னா நீரோட்டம்யா! கடலுக்குள்ள தண்ணி ஓடுமே, அது! நீங்க மீட்டர் மாட்டிடுவீங்க போலிருக்கே!"

சிரிப்பு ஹால் முழுக்கப் போனது. அவரும் சிரித்தார். எல்லாரும் சிரிக்கும்போது வாய் தானாகவே அப்படிப் போய்விடுகிறது. அப்படியே மகளைப் பார்த்தார்.

"யார் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் செஞ்சீங்க?" என்று சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

மகள் முந்திக்கொண்டாள். "அண்ணாகிட்ட எதைச் சொன்னாலும் அவருக்குக் கரண்ட்தான் சார். தலைவலின்னாக்கூட ஃபியூஸ் போயிருக்கான்னு பாப்பாரு."

இதற்கு முதல் தடவையைவிடப் பெரிய சிரிப்பு. டாக்டர்கூடச் சிரித்தார். நன்றாகத்தான் சொன்னாள் என்று அவருக்கே தோன்றியது. நல்ல தெளிவான குரல், திக்கவில்லை.

"சும்மா ஒரு ஆசைக்குச் செஞ்சேன் சார்" என்றார்.

"ஆசை போதும், கீழ வைங்க. மேஜைக்கு அடியில. விருந்தினர் மேடம் வர நேரமாச்சு."

மேஜைக்கு அடியில் வைத்தார். குனிந்தபோது தொட்டியைப் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒரு வாரமாக இதைத்தான் டாக்டர் வீட்டில் செய்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும். அவர் விரலைக் கிழித்துக்கொண்டு தகடு வெட்டிய ஒவ்வொரு நாளும் அவளுக்கு இது தெரியும். அவர் இதில் மும்முரமாக இருந்தால் டாக்டர் வீட்டில் என்ன நடக்கிறது என்று வந்து கேட்க மாட்டார் என்பதும் தெரியும்.

மேடைக்குப் பின்னால் மெயின் போர்டு இருக்கும் அறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் பெயின்ட் ஒட்டியிருந்தது. கதவு இடுக்கு வழியாக ஹால் தெரிந்தது. சிறப்பு விருந்தினர் வானிலை அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். கண்ணாடி போட்ட, வயதான, உயரமான அம்மா. ஒவ்வொரு மேஜையாக வந்தார். பதினான்கு. பதினைந்து. மேஜைகளில் சின்ன மோட்டார்கள் ஓடின, விசிறிகள் சுற்றின. தொட்டித் தண்ணீர் ஓட வேண்டும் என்றால் அதற்குள்ளும் மோட்டார் இருக்க வேண்டும். மீன் தொட்டியில் காற்று விடும் மோட்டாரை அவர் எத்தனையோ வீடுகளில் மாட்டியிருக்கிறார். பதினாறு. ஓடட்டும் பார்க்கலாம், நீரோட்டமோ எந்த ஓட்டமோ. அவர்கள் பதினேழாவது மேஜைக்கு வந்ததும் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஹால் இருண்டது. பிள்ளைகள் ஊளையிட்டார்கள். ஏசியின் சத்தம் நின்றதும் ஊளை இன்னும் பெரிதாகக் கேட்டது. போனில் விளக்கு வராத காலம் அது. தூரத்து வாசல் கதவின் வெளிச்சம் முதல் இரண்டு மேஜையோடு நின்றது.

"ஒயர்மேன்! ஒயர்மேன் எங்கய்யா?"

அவர் அவசரப்படவில்லை. நூறு எண்ணினார். பிறகு இருட்டில் மெதுவாக நடந்து ஹாலுக்குள் வந்தார். "பாக்கறேன் சார், பாக்கறேன். லைன்ல ஏதோ" என்றார்.

அப்போது மகளின் குரல் கேட்டது. "மேடம், இதுக்குக் கரண்ட் வேண்டாம். இது தானா ஓடும்." எங்கோ ஒருவர் சிரித்தார். "பாக்கறதுக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வேணும். அண்ணா, கீழே உங்க லைட்டு இருக்கு பாருங்க. அதை எடுத்துத் தொட்டிக்கு மேல பிடிங்க அண்ணா."

மேஜைக்கு அடியில் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. இப்போது நன்றாகத் தெரிந்தது. அவர் உட்கார்ந்து, பலகையை இழுத்து, தூக்கி, தொட்டிக்கு மேலே பிடித்தார். பன்னிரண்டு டம்ளர். உப்புத் தண்ணீர் தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. விரலில் டேப்புக்குள் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

மகள் ஒரு ஃபிளாஸ்க்கைத் திறந்து, நீல மை கலந்து உறையவைத்த ஐஸ் கட்டிகளைத் தொட்டியின் ஒரு ஓரத்தில் மிதக்கவிட்டாள். டாக்டர் மகள் இன்னொன்றிலிருந்து சுடுதண்ணீரைச் சின்ன புட்டியில் ஊற்றி, சிவப்பு மை விட்டு, நூல் கட்டி மறு ஓரத்தில் அடிவரை இறக்கினாள். மோட்டார் இல்லை, ஒயர் இல்லை. ஐஸிலிருந்து நீலம் நூல் நூலாகக் கீழே இறங்கியது. தரையைத் தொட்டதும் படுத்துக்கொண்டு, அடியோடு அடியாக மறுபக்கம் ஊர்ந்தது. புட்டியின் வாயிலிருந்து சிவப்பு புகை மாதிரி எழும்பி, மேலே வந்து, பரவி, நீலம் வந்த திசைக்குப் போனது. ஒன்று கீழே, ஒன்று மேலே. இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் கடந்தன.

"குளிர்ந்த தண்ணிக்கு அடர்த்தி ஜாஸ்தி மேடம். அதனால கீழ போகுது. சூடான தண்ணி மேல வருது. கடல்லயும் இதுதான் நடக்குது. யாரும் தள்ள வேண்டாம்."

அவர் கை நடுங்கியது. நடுங்கியதில் தொட்டிக்குள் வெளிச்சமும் நடுங்கி, உண்மையிலேயே கடல் மாதிரி இருந்தது.

"ரொம்ப அழகு" என்றார் மேடம். பிறகு தலையைத் தூக்கி, "இது என்ன விளக்கு? உப்புத் தண்ணியிலயா எரியுது? இதை யார் செஞ்சது?"

அவர் மகளைப் பார்த்தார்.

"நாங்கதான் மேடம்" என்றாள் மகள்.

"ஆமா மேடம், பிள்ளைங்கதான்" என்றார் அறிவியல் சார்.

டாக்டர் தம்பதியை மேடத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். மேடம் ஒயர்மேன் மகளின் தோளில் கைவைத்தார். "உங்க அப்பா வரலையாம்மா?"

"அப்பா கப்பல்ல இருக்காரு மேடம்." ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய பதில். டாக்டர் மனைவி ஆமாம் என்று தலையசைத்தாள். "அதனாலதான் எனக்குக் கடல்னா ரொம்பப் பிடிக்கும்."

"அடடா. எப்ப வருவாரு?"

"லீவு கிடைச்சா வருவாரு."

"நம்ம ஒயர்மேனும் இவ தெருதான் மேடம்" என்றார் சார். "என்னய்யா, இவங்க அப்பாவைப் பாத்திருக்கீங்களா?"

எல்லாரும் விளக்குக்குப் பின்னால் இருந்த அவரைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தபோது என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. விரல் எரிந்தது.

"பாத்திருக்கேன் சார். நல்ல மனுஷன். இனிமே வரமாட்டாரு."

"ஏன்?"

"கப்பல் முழுகிருச்சு. போன மாசம். பாப்பாவுக்கு யாரும் சொல்லலை."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. திருப்பி எடுக்க வழியில்லை. தமிழ் மிஸ் "ஐயோ" என்றார். டாக்டர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அறிவிருக்காய்யா உனக்கு, பிள்ளை முன்னாடி?" என்று சார் பல்லைக் கடித்தார்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'பொய்' என்று கத்தினால் போதும். 'இதோ நிக்கறாரே என் அப்பா' என்றால் போதும். அவர் காத்திருந்தார். விளக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்தி அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனார். அவள் இரண்டு கண்களையும் இறுக மூடினாள். மூடித் திறந்தாள்.

மேடம் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவள் மேடத்தின் தோளில் முகத்தைப் புதைத்தாள். முதுகு குலுங்கியது. அழுகையா, வேறு ஏதாவதா, அந்த வெளிச்சத்தில் சொல்ல முடியவில்லை.

புதிய பெரிய மிஸ் இருட்டில் தொண்டையைக் கனைத்தார். "எல்லாரும் ஒரு நிமிஷம் அசையாம நின்னு மௌனமா இருக்கணும். பிள்ளைகளா, சத்தம் கூடாது."

முந்நூறு பேர் அசையாமல் நின்றார்கள். ஒயர்மேனும் நின்றார். பலகையைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அந்த மூலையில் இருந்த ஒரே வெளிச்சத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தனக்காகத் தானே ஒரு நிமிடம் மௌனமாக நின்றார். சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டைகள் கனத்தன. வாசல் பக்கம் ஆயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? செத்தவரே கூட நிற்கிறார்.

பதினேழாவது மேஜைக்கு முதல் பரிசு. அவர் போய் ஃபியூஸ்களைச் செருகினார்; டியூப்லைட்டுகள் இரண்டு மூன்று தடவை கண்ணை மூடித் திறந்துவிட்டு எரிந்தன. எல்லாரும் கை தட்டினார்கள். பரிசுக்கா, வெளிச்சத்துக்கா, யாருக்குத் தெரியும்.

அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகள் அவரைக் 'கடல் கரண்ட்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். 'கடல் கரண்ட் அண்ணா, ஃபேன் ஓடலை.' 'கடல் கரண்ட் அண்ணா, மீன் பொரிக்கலாமா?' மீன் விஷயம் வீட்டில் மட்டும் பேசியது. அது பள்ளிக்கூடத்துக்கு எப்படி வந்தது என்று அவர் யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். அப்பா இல்லாத பெண் என்று மகளிடம் எல்லாரும் பிரியமாக இருந்தார்கள். தமிழ் மிஸ் பேனா வாங்கிக் கொடுத்தார். மகள் டாக்டர் வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் சாப்பிட்டாள். பெற்றோர் கையெழுத்து வேண்டிய தாள்களில் அம்மாவின் கையெழுத்து மட்டும் போனது.

கேட்டுக்குள் அவர் அப்பா ஆவதற்கு இனி வழியில்லை. அவராகவே கத்திச் சொன்னாலும், பாவம் அந்தப் பிள்ளை மனதைப் புண்படுத்துகிறான் என்று வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். வீட்டில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் இருந்ததாகக்கூடத் தெரியவில்லை. அதுதான் அவரால் பொறுக்க முடியாததாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம். மனைவி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மகள் உள் அறையில் பாடத்தில் தலையைக் கவிழ்த்திருந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. அவள் தலையை நிமிர்த்தாமலே குரல் கொடுத்தாள்.

"அண்ணா, லைட்டைப் போடுங்க."

ஊசி நின்றது. மகளும் பக்கத்தைப் புரட்டாமல் அப்படியே இருந்தாள். பிறகு மனைவி பெரிதாகச் சிரித்தாள். "இதென்னடி புது உறவு? அப்ப நான் உனக்கு அண்ணியா?"

"வாய் தவறிடுச்சும்மா" என்றாள் மகள்.

ஒயர்மேன் எழுந்து போய் சுவிட்சைப் போட்டார்.